பேக்கேஜ் மெட்டாடேட்டாவைப் பைத்தானில் படித்தபோது நேர்ந்தவை: அனுபவப் பகிர்வு

கீற்று:

எங்கள் அலுவலகத்தில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வர்களின் பாதுகாப்புத் தணிக்கைக்கென ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருந்தது. டெபியனில் பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவி நீக்கும் கருவியான டிபிகேஜி, அவற்றின் விவரங்களை, அதாவது மெட்டாடேட்டாவை, பத்தி பத்தியாக எழுதிவைக்கும் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, வெற்று வரி வரும் இடத்தில் ஒரு பேக்கேஜ் முடிந்ததாகக் கொண்டு, பெயரையும் பதிப்பு எண்ணையும் எடுத்து அட்டவணையில் போடுவதுதான் அதன் வேலை. ஒரு நாள் தணிக்கையாளர் அந்த அட்டவணையைக் காட்டி, "இந்தச் சர்வரில் பழைய எக்ஸிம் இன்னும் ஏன் இருக்கிறது?" என்று கேட்டார். எக்ஸிம் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளின் இயங்கு கோப்பு அந்த வட்டில் எங்குமே இல்லை.

ஸ்டேட்டஸ் கோப்பில் அந்தப் பத்தியைத் தேடி எடுத்துப் பார்த்த கணம் இன்னும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. பெயர், பராமரிப்பாளர், பதிப்பு எண் யாவும் நிறுவப்பட்ட பேக்கேஜுக்கு உரியவை போலவே ஒழுங்காக இருந்தன. ஸ்டேட்டஸ் புலத்தில் மட்டும் 'டீஇன்ஸ்டால் ஓகே கான்ஃபிக்-ஃபைல்ஸ்' என்றிருந்தது. பேக்கேஜை நீக்கினாலும் அதன் அமைப்புக் கோப்புகள் மிஞ்சியிருக்கும்வரை டிபிகேஜி அந்தப் பத்தியைக் கைவிடுவதில்லை. அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அழிக்கும் பர்ஜ் செய்தால்தான் அது போகும். அந்த மூன்று சொற்களில் முதலாவது நாம் விரும்பும் நிலை, இரண்டாவது பிழைக்குறி, மூன்றாவதே உண்மை நிலை. மூன்றாவது சொல் 'இன்ஸ்டால்டு' என்றிருந்தால் மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும் என்று இப்போது விதி வைத்திருக்கிறோம்.

அலைவரிசை:

எனக்கு நேர்ந்தது பதிப்பு எண் பற்றியது. முந்தைய ஒப்பந்தக்காரர் விட்டுச்சென்ற ஸ்கிரிப்ட், ஒவ்வொரு வரியையும் முக்காற்புள்ளியில் வெட்டி இரண்டாவது துண்டை மதிப்பாக எடுத்துக்கொண்டது. பெரும்பாலான பேக்கேஜ்களுக்கு அது சரியாகவே வந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்று, எந்தெந்தச் சர்வர்களில் பழைய பதிப்பு இருக்கிறது என்று பார்க்க அறிக்கையைத் திறந்தோம். அத்தனை சர்வர்களுக்கும் நேரே 1 என்ற ஒற்றை இலக்கம் மட்டும், மேலிருந்து கீழ்வரை, நின்றது.

டெபியன் 12இல் அந்தப் பேக்கேஜின் பதிப்பு '1:9.2பி1' என்று தொடங்குகிறது. முதலில் வரும் 1 எபாக். பதிப்பு எண் முறை மாறும்போது பழையதைவிடப் புதியது பெரிதென்று காட்டுவதற்காக முன்னே வைக்கப்படுவது. வரியை முதல் முக்காற்புள்ளியில் மட்டும் வெட்டியிருந்தால் அந்த எண் முழுதாகக் கிடைத்திருக்கும். நண்பர் கீற்று அவர்களுக்கு என் கருத்து: ஸ்டேட்டஸ் கோப்பைக் கையால் படிப்பதையே விட்டுவிட்டு, டிபிகேஜி-கொயரி கருவியிடம் கேட்டு வாங்குவதே முறை.

பனைநிழல்:

மேலே சொல்லப்பட்ட இரண்டு தீர்வுகளையும் நான் ஏற்கவில்லை. செயலிக்குத் தேவையானதை மட்டும் வைத்துக் கட்டிய டிஸ்ட்ரோலெஸ் வகைக் கன்டெய்னர் படிமங்களில் டிபிகேஜியும் இல்லை, கட்டளை ஏற்கும் ஷெல்லும் இல்லை. யாரிடம் கேட்டு வாங்குவது? அவற்றில் ஒற்றை ஸ்டேட்டஸ் கோப்புக்குப் பதிலாக ஸ்டேட்டஸ்.டி என்ற அடைவில் பேக்கேஜுக்கு ஒரு கோப்பாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் பயன்படுத்திய ஸ்கேனர் அந்த அடைவை அறியாததால், பேக்கேஜ்கள் பூஜ்யம், பாதிப்புகள் பூஜ்யம் என்று பச்சை நிறத்தில் அறிக்கை தந்தது. வாடிக்கையாளருக்கு அனுப்பப்படவிருந்த அறிக்கை அது. பூஜ்யம் என்ற விடையைப் பிழையாகக் கருதி நிறுத்தும் ஒரு சோதனைகூட அதில் இல்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

கீற்று அவர்களின் விதிக்கு வருகிறேன். ஸ்டேட்டஸ்.டி கோப்புகளில் ஸ்டேட்டஸ் என்ற புலமே கிடையாது. ஆகவே மூன்றாவது சொல்லைத் தேடும் விதி அங்கே எல்லாவற்றையும் தள்ளிவிடும். சாதாரண சர்வரிலும் அந்த விதி குறுகலானது. 'அன்பேக்டு', 'ஹாஃப்-கான்ஃபிகர்டு', 'டிரிகர்ஸ்-பெண்டிங்' ஆகிய, நிறுவல் முழுமையடையாத நிலைகளில் உள்ள பேக்கேஜ்களின் கோப்புகளும் வட்டில் இருக்கின்றன, ஓட்டையிருந்தால் அதுவும் கூடவே இருக்கிறது. பாதுகாப்புக் கணக்கெடுப்பில் 'கான்ஃபிக்-ஃபைல்ஸ்', 'நாட்-இன்ஸ்டால்டு' இரண்டை மட்டும் விலக்கிவிட்டு மற்ற அனைத்தையும் சேர்ப்பதே சரி.

தேன்சிட்டு:

டெபியனை விட்டுச் சற்று விலகி, பைத்தான் வீல்களுக்குள் (நிறுவத் தயாரான பேக்கேஜ் கோப்புகளுக்குள்) இருக்கும் மெட்டாடேட்டா கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். அதுவும் மின்னஞ்சல் தலைப்பு வரிகளின் வடிவில் அமைந்தது என்பதால் பைத்தானின் ஈமெயில் தொகுதியைக் கொண்டே பலரும் படிக்கிறார்கள். தமிழ்ச் சொற்பிழை திருத்தும் சிறிய பேக்கேஜ் ஒன்றில் என் தோழி ஆசிரியர் புலத்தில் தன் பெயரை 'மலர்' என்று தமிழிலேயே எழுதியிருந்தாள். உள்ளகப் பட்டியல் பக்கத்தில் அந்த இடத்தில் கேள்விக்குறி பொதிந்த கருப்பு வைரங்கள் வரிசையாக 12 வந்து நின்றன. தன் பெயரைத் தமிழில் எழுதியதே பிழையோ என்று அவள் ஆங்கிலத்துக்கு மாற்றப் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ம, ல, ர, புள்ளி என்ற நான்கு குறிகளுக்கும் தலா 3 பைட்டுகள். கோப்பைப் பைட்டுகளாகவே ஈமெயில் தொகுதியிடம் கொடுத்தால், தலைப்பில் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான அடிப்படைக் குறியாக்கம்) அல்லாத பைட்டுகளை அது அறியாத குறியாக்கமாகக் கருதி, ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வைரத்தை வைத்துவிடுகிறது. முதலில் யூடிஎஃப்-8 என்று சொல்லிச் சரமாக மாற்றி, பிறகு அந்தச் சரத்தைக் கொடுத்தால் மலர் மலராகவே வருகிறாள். பைத்தான் 3.8இல் வந்த இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா தொகுதியும் இப்படித்தான் செய்கிறது.

கல்வெட்டு:

எங்கள் குழுவில் பைத்தான் மூலப் பேக்கேஜ்களின் பதிப்பு எண்ணைச் சேகரிக்க, ஒவ்வொன்றின் செட்டப்.பை என்ற நிறுவல் நிரலையும் இயக்கிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் இருந்தது. அவற்றுள் ஒன்று, எண்ணைச் சொல்வதற்கு முன் வெளியிலிருந்து எதையோ பதிவிறக்கத் தொடங்கியதை நெட்வொர்க் பதிவில் கண்டேன். என் கதை அவ்வளவே. ஆனால் இதைப் படிப்பவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

மெட்டாடேட்டாவைப் படிப்பது வேறு, பிறர் எழுதிய நிரலை நம் கணினியில் ஓடவிடுவது வேறு. மூலப் பேக்கேஜில் பிகேஜி-இன்ஃபோ என்ற கோப்பு இருக்கும். அதன் மெட்டாடேட்டா பதிப்பு 2.2 அல்லது அதற்கு மேல் என்றால், கட்டும்போது மாறக்கூடியவற்றைப் பட்டியலிடும் டைனமிக் என்ற புலத்தில் பெயர் குறிப்பிடப்படாத எந்தப் புலத்தையும் அப்படியே நம்பலாம்; பெயரும் பதிப்பு எண்ணும் டைனமிக்காக இருக்கவே கூடாது என்பது விதி. பைபுராஜெக்ட்.டாமல் என்ற திட்ட அமைப்புக் கோப்பு இருந்தால், அதைப் படிக்கப் பைத்தான் 3.11 முதல் கூடவே வரும் டாமல்லிப் தொகுதி போதும். கோப்பை பைனரி முறையில் திறக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். பெயர்களை ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, புள்ளி, கீழ்க்கோடு, இடைக்கோடு ஆகியவை தொடர்ந்து எத்தனை வந்தாலும் ஒரே இடைக்கோடாக மாற்றுங்கள், இல்லையேல் ஸோப்.இன்டர்ஃபேஸ் ஒரு பேக்கேஜாகவும் ஸோப்_இன்டர்ஃபேஸ் இன்னொன்றாகவும் உங்கள் அட்டவணையில் அமரும். டெபியன் பக்கம் வந்தால், இடைவெளியில் தொடங்கும் வரி முந்தைய புலத்தின் தொடர்ச்சி; இடைவெளியும் ஒற்றைப் புள்ளியும் மட்டும் உள்ள வரி விளக்கத்துக்குள் வரும் வெற்று வரி; புலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. இவ்வளவையும் பைத்தான்-டெபியன் லைப்ரரியின் டெப்822 தொகுதி ஏற்கெனவே கவனித்துக்கொள்கிறது. பனைநிழல் அவர்கள் சொன்ன ஸ்டேட்டஸ்.டி கோப்புகளையும் அதனாலேயே படிக்க முடியும். சர்வரில் நிறுவ முடியாது என்றால், கோப்பை வெளியே எடுத்துவந்து படியுங்கள்.

அலைவரிசை:

பனைநிழல் அவர்களுக்கு: டிஸ்ட்ரோலெஸ் படிமங்களைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரி, அங்கே கோப்பைத்தான் படிக்க வேண்டும். முழு டெபியன் ஓடும் சர்வரில் கருவியிடம் கேட்பதே மேல் என்ற கருத்தில் மாற்றமில்லை. கல்வெட்டு அவர்களின் நீண்ட பட்டியலில் ஒப்பீடு விடுபட்டிருக்கிறது. பதிப்பு எண்ணை முழுதாக எடுத்த பின்பும் சரங்களாக ஒப்பிட்டால் 1.10 என்பது 1.9க்குக் கீழே போய்விடும், 1.0க்கு முந்தைய முன்னோட்டமான '1.0~ஆர்சி1' என்பது 1.0க்கு மேலே ஏறிவிடும். டெபியன் விதிப்படி அலைக்குறி (~) வெறுமைக்கும் முந்தியது. பைத்தான்-டெபியனில் இதற்கென்றே வெர்ஷன் என்ற கிளாஸ் இருக்கிறது. எங்கள் ஓப்பன்எஸ்எஸ்எச் அறிக்கை இப்போது அதைக் கொண்டுதான் எது பழையது, எது புதியது என்று தீர்மானிக்கிறது.