மேளச் சத்தம் கேட்டால் அலறும் மகன்

கேள்வி:
என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். போன வாரம் ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டு அலறினான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்கிறார் மாமியார். வீட்டில் டிவியை அலறவிட்டுக் கேட்பவனும் இவன்தான். அப்புறம் ஏன் இப்படி?

பதில் 1:
அக்கா, நானும் ஆட்டிசம் உள்ளவன்தான், வயது 31. டிவி ரிமோட் அவன் கையில் இருக்கிறது. மேளம் அப்படியில்லை, திடீரென்று வரும். அதோடு மண்டபத்தில் மேளம் மட்டுமா? சீரியல் விளக்கு, மல்லிகை வாசம், பட்டுச்சட்டைக் காலர் உரசுவது, கன்னத்தைக் கிள்ளும் பெரியப்பாக்கள். மற்றவர்களுக்கு இதில் பாதி தானாக ஒதுங்கிவிடும். எனக்கு எல்லாமே ஒரே அளவில் உள்ளே வரும். மேளம் கடைசியாக வந்தது, அவ்வளவுதான். 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 (மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு) புலனுணர்வு கூடுவதையும் குறைவதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்திருக்கிறது. மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

பதில் 2:
என் மகளுக்குக் காதை மூடும் ஹெட்போனும் பழைய பருத்திச் சட்டையும்தான். தாலி கட்டும் நேரத்தில் காருக்குள் உட்கார்ந்துவிடுவோம். அலறும்போது சமாதானம் பேசாதீர்கள், அதுவும் ஒரு சத்தம்தானே.

கேள்வி கேட்டவர்:
காலர்! காலையிலிருந்தே அதை இழுத்துக்கொண்டிருந்தான். நான்தான் கையைத் தட்டிவிட்டேன்.