வெந்நீர் ஊற்றில் ஹைட்ரஜன் விடும் பாக்டீரியா: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

குமிழி
ஊற்றுச் சேற்றை இட்டு 70 டிகிரியில் வளர்த்த புட்டி. ஊடகம், நைட்ரஜன் எல்லாம் வழக்கமானவைதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். வாயு எடுக்க ஊசியைக் குத்தினேன். நான் இழுக்காமலே சிரிஞ்சின் தண்டு மேலே ஏறியது. கழன்று விழுந்துவிடுமோ என்று கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன், விரலையும் தள்ளியது! வாயுக்களைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் ஜி.சி. கருவியில் ஹைட்ரஜன் உச்சம் கம்பீரமாக நின்றது. சில நாள் கழித்து அதே புட்டியில் குத்தினால் தண்டு உள்ளே போகிறது. புட்டி உறிஞ்சுகிறது. ஹைட்ரஜன் இருந்த இடத்தில் வெறும் கோடு. கசிவு என்றால் வெளிக்காற்றோடு சமமாகத்தானே நிற்கும்? உறிஞ்சுவானேன்? யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

வடிகலன்
ஆறிய புட்டியில் குத்தியிருப்பீர்கள். 70 டிகிரியில் நீராவியின் அழுத்தம் மட்டுமே வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆறினால் அது தண்ணீராகிவிடும், புட்டி உறிஞ்சத்தான் செய்யும். இதில் மர்மம் எதுவும் இல்லை.
என்னை உறுத்துவது வேறு. ஊற்றின் கரையில் நின்று மாதிரியைப் புட்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆக்சிஜன் பட்டால் சிவக்கும் சாயமான ரெசசூரின் நிறமற்று இருந்தது. அடைப்பானில் மயிரிழை வெடிப்பு இருந்திருக்கிறது. கண்ணெதிரே மேலிருந்து கீழாக இளஞ்சிவப்பு இறங்கியது. ஆக்சிஜன் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஆக்சிஜனை நீக்கும் சல்ஃபைடு சேர்த்து நிறத்தை நீக்கினேன். உயிர்கள் வளர்ந்தன, ஹைட்ரஜன் மட்டும் வரவில்லை. அந்தச் சில நிமிடச் சிவப்பில் எது செத்தது?

வெப்பவிரும்பி
வடிகலன் சொல்வது பாதிதான். ஆறியதால் உறிஞ்சியது என்றே வைத்துக்கொள்வோம், ஹைட்ரஜன் உச்சம் எங்கே போனது? குமிழி, உங்கள் சேற்றில் மீத்தேன் ஆக்கிகள், அதாவது ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள், இருக்கின்றன. நான்கு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு கார்பன் டையாக்சைடும் சேர்ந்து ஒரே ஒரு பங்கு மீத்தேன் ஆகிறது. ஐந்து ஒன்றானால் அழுத்தம் விழாமல் என்ன செய்யும்? 70 டிகிரி என்பது அவற்றில் ஒன்றான மெத்தனோதெர்மோபாக்டர் கொண்டாடும் வெப்பம். எனக்கும் இதே கதை நடந்தது, அதை விடுங்கள். செய்யவேண்டியதைச் சொல்கிறேன். சேற்றை முதலில் கொதிக்கவையுங்கள். ஸ்போர் என்ற சூடு தாங்கும் உறக்க வித்தை உண்டாக்கும் பாக்டீரியா பிழைக்கும், மீத்தேன் ஆக்கிகளுக்கு ஸ்போர் கிடையாது, ஒழிந்துவிடும். அதோடு மீத்தேன் ஆக்கிகளைத் தடுக்கும் புரோமோஈத்தேன் சல்ஃபோனேட்டைச் சேர்த்துவிடுங்கள். அடைப்பான் தடித்த பியூட்டைல் ரப்பராக இருக்கட்டும். மேலே தங்கும் வாயுவை அடிக்கடி நைட்ரஜனால் வெளியேற்றுங்கள். தான் விட்ட ஹைட்ரஜன் சேரச்சேர பாக்டீரியா மேற்கொண்டு விடுவதைக் குறைத்துவிடும். திட ஊடகத்துக்கு அகார் என்ற கடற்பாசிக் கூழை நம்பாதீர்கள், அந்தச் சூட்டில் இளகிவிடும். சூடு தாங்கும் கூழான ஜெல்லான் வாங்குங்கள்.

பழைய ஆய்வகம்
யாரும் கேட்காத அகார் வரை வந்துவிட்டீர்கள், ஐயா! கொதிக்கவைக்கும் யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்றாதீர்கள். வெந்நீர் ஊற்றுக்காரர்களில் ஹைட்ரஜனுக்குப் பேர்போன தெர்மோடோகாவும் கால்டிசெல்லுலோசிரப்டரும் ஸ்போர் உண்டாக்காதவை. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்தும் வேலை இது. கழிவுநீர்ச் சேற்றுக்கு எழுதிய முறையை ஊற்றுக்குக் கொண்டுவருகிறார்கள்.
எனக்கு நேர்ந்தது: புட்டியில் அழுத்தம் ஏறுகிறது, ஜி.சி. மட்டும் ஒன்றும் இல்லை என்று சாதித்தது. கருவிக்குள் மாதிரியைச் சுமந்து ஓடியது ஹீலியம். ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் வெப்பக்கடத்துத்திறன் மிக அருகருகே இருப்பதால், வெப்பக்கடத்தல் உணரிக்குக் கொஞ்ச ஹைட்ரஜன் கண்ணிலேயே படாது. ஆர்கானுக்கு மாற்றிய அன்று எழும்பிய உச்சத்தை இன்னும் மறக்கவில்லை. அதற்கு முன் குப்பையில் போன புட்டிகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நீலச்சுடர்
சர்க்கரை, சேறு என்றே பேசுகிறீர்கள். நான் வளர்த்தது கார்பாக்ஸிடோதெர்மஸ் ஹைட்ரஜனோஃபார்மன்ஸ் என்ற பாக்டீரியா. குரில் தீவுகளின் குனாஷிர் ஊற்றிலிருந்து பிரித்து 1991-இல் விவரித்தார்களே, அதுதான். தீனி கார்பன் மோனாக்சைடு. அதையும் தண்ணீரையும் வைத்து ஹைட்ரஜனும் கார்பன் டையாக்சைடும் ஆக்கிவிடும். ஒருநாள் வாயு நிரப்பும்போது சட்டையில் மாட்டியிருந்த எச்சரிக்கைக் கருவி அலறியது. எல்லோரும் வெளியே ஓடினோம். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்: நாங்கள் அஞ்சி ஓடிய வாயுவைப் புட்டிக்குள் அது நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. 2005-இல் அதன் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, கார்பன் மோனாக்சைடைக் கையாளும் நொதித்தொகுதிகள் ஐந்து இருப்பது தெரிந்தது. ஐந்து எதற்கு என்றுதான் அன்று கதவருகே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பங்கரை
வாசகன் மட்டுமே. இவ்வளவு ஹைட்ரஜன் வருமென்றால் இதையே எரிபொருளாக்கலாமே? ஊற்றுகளிலிருந்து நேரடியாகப் பிடிக்கலாமே?

பழைய ஆய்வகம்
ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இதைக் கேட்பார்! ஒரு குளுக்கோஸிலிருந்து நொதித்தல் வழியே கிடைக்கும் உச்சவரம்பு நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறு. முழுவதையும் கறந்தால் பன்னிரண்டு. மீதி அசிட்டேட்டாகத் தேங்கிவிடுகிறது. ஊற்றில் பிடிக்கலாம் என்கிறீர்கள். யெல்லோஸ்டோன் ஊற்றுகளை ஆராய்ந்து 2005-இல் வந்த கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அங்குள்ள நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு ஹைட்ரஜன்தான் முதன்மையான ஆற்றல். விடுவதைப் பிடித்துத் தின்னப் பக்கத்திலேயே பந்தி காத்திருக்கிறது.

குமிழி
வடிகலன், இரண்டு முறையும் இன்குபேட்டரிலிருந்து எடுத்த சூட்டோடுதான் குத்தினேன். பழைய ஆய்வகம், என் கருவியில் ஓடுவது ஆர்கான். ஆகவே வெப்பவிரும்பி சொன்ன மீத்தேன்தான் மிஞ்சுகிறது. அதே சேற்றில் இரண்டு புட்டி போட்டிருக்கிறேன். ஒன்றில் மட்டும் புரோமோஈத்தேன் சல்ஃபோனேட். கொதிக்கவைக்கவில்லை.