மர புரொப்பெல்லரிலிருந்து கார்பன் இழைக்கு மாறலாமா?

கேள்வி: நானே கட்டிய இரண்டிருக்கை விமானத்தில் ஆறு ஆண்டுகளாக மர புரொப்பெல்லர்தான். போன வாரம் தூறலில் பத்தே நிமிடம் பறந்தேன். இறங்கித் தடவினால் பிளேடு முனையில் வார்னிஷ் உரிந்து, நார் விரலில் குத்துகிறது. மனம் கேட்கவில்லை. கார்பனுக்கு மாறலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் முன்விளிம்பில் நிக்கல் கவசம் உள்ளதாக வாங்குங்கள். மழை அரிப்பை அதுதான் தாங்கும். விமானம் தரையில் நிற்கும்போது பிளேடு கோணத்தை மாற்றும் வகையென்றால் எல்லா பிளேடுகளும் ஒரே கோணத்தில் இருக்கவேண்டும். என்னுடையதில் ஒன்று அரை டிகிரி பிசகியிருந்தது, கருவிப்பலகையே நடுங்கியது.

பதில்: மூக்கின் எடை மாறும். விமானத்தை எடைபோட்டு ஈர்ப்பு மையத்தை மறுபடி கணக்கிடுங்கள். மரத்துக்கான போல்ட் நீளமும், அதை இறுக்கும் முறுக்கு அளவும் கார்பனுக்குப் பொருந்தா.

கேட்டவர்: பழைய போல்ட்டுகளையே பூட்டவிருந்தேன். நல்லவேளை, சொன்னீர்கள்!