எட்டு வயதுப் பிள்ளையின் ஞானஸ்நானம்: கால் விரல் மேலே வந்த கதை

முன்வரிசை:
யூட்டா பக்கம் மார்மன் சபையில் (பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை) எட்டு வயதுப் பிள்ளையைத் தண்ணீரில் முழுக்கி எடுக்கும் இந்த ஆராதனைக்குப் போனவர்களுக்குச் சூழலை விளக்க வேண்டியதில்லை. சின்னப் பெண், வெள்ளை ஜம்ப்சூட். அப்பா ஜெபத்தைப் பிசகில்லாமல் சொல்லிப் பின்னால் சாய்த்தார். தலை, தோள், இடுப்பு எல்லாம் உள்ளே. இடது கால் கட்டைவிரல் மட்டும் வெளியே! முழுக்கு சரியா என்று பார்க்கத் தொட்டியோரம் நின்ற சாட்சி தலையை இடம் வலமாக ஆட்டினார். மறுபடி முழுப்பெயர், ஜெபம், முழுக்கு. உறவுக்கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பிள்ளையின் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு விரலுக்காக மறுபடி செய்யத்தான் வேண்டுமா?

வார்டு குமாஸ்தா:
வேண்டும். வார்டில், அதாவது உள்ளூர்ச் சபையில், குமாஸ்தாவாக இருப்பதால் சொல்கிறேன்: உடம்போ உடையோ துளி வெளியே நின்றாலும் முழுக்கு ஆகாது. ஜெபத்தில் சொல் மாறினாலும் அதே கதி. பலர் தடுமாறும் இடம் ஒன்று: மார்மன் புத்தகத்தில் 3 நேபி 11-ல் ஒரு வாசகம் வருகிறது, சபையின் இன்னொரு வேதநூலான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ 20-ம் பிரிவில் சற்று வேறாக வருகிறது. சபையில் சொல்வது 20-ம் பிரிவில் உள்ளதை. முந்தையதை மனப்பாடம் செய்தவர் வாய்தவறி அதைச் சொன்னால் சாட்சிகள் நிறுத்துவார்கள்.

விரல் எழும்பக் காரணம் விறைப்பு. பிள்ளை பலகை மாதிரி நின்றால் தலை இறங்க இறங்கக் கால் மேலே வரும். முழங்காலை மடக்கி நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் போகச் சொல்லுங்கள். அப்பாவின் இடது கை பிள்ளையின் வலது மணிக்கட்டைப் பிடிக்கும். பிள்ளையின் இடது கை அப்பாவின் இடது மணிக்கட்டைப் பிடிக்கும். ஜெபம் முடிந்ததும் பிள்ளை வலது கையால் மூக்கைப் பொத்திக்கொள்ளட்டும். ஜெபத்துக்காக உயர்த்திய அப்பாவின் வலது கை, முதுகின் மேல்பக்கத்துக்குப் போகவேண்டும். இடுப்பில் வைத்தால் தலை கடைசியில்தான் இறங்கும்.

ஊசிநூல்:
குமாஸ்தா அண்ணா, எல்லாவற்றையும் பிடிமானத்தின் தலையில் கட்டாதீர்கள். பாதித் தொல்லை உடையில். தொளதொள பாவாடைக்குள் காற்று புகுந்தால் துணி குடைபோல் மேலே நிற்கும். பிள்ளை உள்ளே, பாவாடை வெளியே. கால் சட்டையோடு சேர்ந்த ஜம்ப்சூட்தான் சரி. துணி மெல்லிசாக இருந்தால் நனைந்ததும் உள்ளே தெரியும், அதனால் உள்ளாடையும் வெள்ளையாக, மாற்று ஜோடியோடு. நீளமான கூந்தலை இறுகப் பின்னிவிடுங்கள். விரித்துவிட்ட முடி மிதக்கும், அதற்காகவும் திரும்பச் செய்ய வைத்திருக்கிறார்கள். பெரிய துண்டு இரண்டு: ஒன்று படிக்கட்டில், இன்னொன்று உடை மாற்றும் அறையில். பாட்டி பெயர் பின்னிக் கொடுத்த துண்டைப் படிக்கட்டில் விரிக்காதீர்கள், மிதிபடும்.

தொட்டிச் சாவி:
ஜில்லென்ற தண்ணீரில் கால் வைத்ததும் பின்வாங்கிய பையன்தான் நினைவுக்கு வருகிறான். அப்பா கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார், இவன் படியைவிட்டு இறங்கவில்லை. அன்று மூன்று குடும்பங்களுக்குச் சேர்த்து ஸ்டேக் (பல வார்டுகள் சேர்ந்த வட்டாரம்) ஆராதனை. வெந்நீர் பாதியில் தீர்ந்து, மீதியைக் குளிர்ந்த நீரால் நிரப்பியிருந்தார்கள். நிரம்பும் நேரம் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், ஆகவே முன்னமே ஒருமுறை கேட்டு வையுங்கள். குழாயைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போவது கூடவே கூடாது. நிரம்பத் தொடங்கியதிலிருந்து வடிந்து, கழுவி, கதவு பூட்டும்வரை பொறுப்பான பெரியவர் ஒருவர் அங்கேயே இருக்கவேண்டும் என்பது விதி. சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் இடம். இன்னொன்று, கத்தோலிக்க உறவினர் கேட்பார்கள்: இந்தத் தண்ணீரை யாரும் மந்திரிப்பதில்லை, வெறும் குழாய்த் தண்ணீர்தான்.

தாத்தா பக்கம்:
சபையில் சேராத தாத்தாவைச் சாட்சியாக நிற்கச் சொல்லி வீட்டிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். தொட்டிக்கு முன்னால் வைத்து வார்டின் தலைவரான பிஷப் மெதுவாக மறுத்தபோது தாத்தா தன் கோட்டின் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சாட்சிகளும் ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினராக இருந்தே ஆகவேண்டும். 2019 அக்டோபரிலிருந்து பெண்களும் சிறுவர்களும் நிற்கலாம் என்றானதால், போன வருஷம் முழுக்கெடுத்த அக்காவே ஒரு சாட்சியாக நிற்கலாம். ஞானப்பெற்றோர் என்ற வழக்கம் இங்கே கிடையாது. முழுக்கின்போது கைபேசியைத் தூக்கக்கூடாது என்பதையும் வெளியார்களுக்கு முன்னாலேயே சொல்லுங்கள். படமெல்லாம் வெள்ளை உடையில், ஆராதனைக்கு முன்பே எடுத்துவிடலாம்.

சமையல்கட்டு:
எனக்குப் பட்டது ஒன்றுதான்: பிள்ளை ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார, ஆசாரியத்துவம் (சடங்கு செய்யும் அதிகாரம்) உள்ளவர்கள் சுற்றி நின்று தலையில் கைவைத்துச் சபை உறுப்பினராக உறுதிப்படுத்தினார்கள். பிள்ளையின் பல் தந்தியடித்தது. தலையைத் துவட்ட இடைவேளையில் நேரம் கொடுங்கள், அதற்குள் ஒரு பாட்டுப் பாடிவிடலாம்.

ஆராதனைக்குப் பிறகான சாப்பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! அடுப்பில் சுடும் சீஸ் உருளைக்கிழங்குக்கு: துண்டாக்கி உறையவைத்த உருளைக்கிழங்கு 850 கிராம் பை ஒன்று, கோழிக் கிரீம் சூப் ஒரு டின், புளித்த கிரீம் இரண்டு கப், துருவிய செடார் சீஸ் இரண்டு கப், உருக்கிய வெண்ணெய் அரை கப். எல்லாவற்றையும் கலந்து 9-க்கு 13 அங்குலத் தட்டில் பரப்பி, நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸை வெண்ணெயில் புரட்டி மேலே தூவி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 45 முதல் 50 நிமிஷம். பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தாங்கும். கிழங்கை ஐஸ் விட்டுப் போகும்வரை வெளியே வைக்காவிட்டால் தட்டில் தண்ணீர் கட்டும். கார்ன்ஃப்ளேக்ஸை முதல் நாளே தூவினால் சவசவத்துவிடும், அடுப்பில் வைக்கும்போது தூவுங்கள். இந்தச் சபையில் காபி, டீ குடிப்பதில்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எலுமிச்சைச் சாறு போதும்.

முன்வரிசை:
கட்டைவிரலைக் கேட்டால் கிழங்கு வந்து நிற்கிறது. இருக்கட்டும். குமாஸ்தா சொன்ன பிடியைத் தண்ணீர் இல்லாமல் கம்பளத்தில் ஒத்திகை பார்த்தால் போதுமா, நீச்சல்குளம் வேண்டுமா?

வார்டு குமாஸ்தா:
பிடியைக் கம்பளத்தில் பழகலாம். கால் எழும்புமா என்பது குளத்தில்தான் தெரியும்.