ஸ்டாஷ்: பதுக்கலா, ஓரங்கட்டலா, பரணா?

அனைவருக்கும் வணக்கம்.

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் கையேட்டுத் தமிழாக்கத்தில் கிளை, களஞ்சியம், ஒன்றிணைப்பு எல்லாம் ஊன்றிவிட்டன. 'ஸ்டாஷ்' மட்டும் ஓரிடத்தில் சேமிப்பு, ஓரிடத்தில் பதுக்கல், இன்னோரிடத்தில் ஒதுக்கீடு என்று கிடக்கிறது. மூன்றையும் எடுத்துவிட்டு ஒரே சொல்லை வைக்க வேண்டும்.

கட்டளை செய்யும் வேலையை முதலில் பார்த்துக்கொள்வோம். ஒரு கிளையில் (நிரலின் தனி வளர்ச்சிப் பாதையில்) பாதி வேலை நிற்கிறது, கமிட் செய்யும், அதாவது வரலாற்றில் பதியும், நிலையில் இல்லை. அதற்குள் வேறு கிளையில் அவசரமாக ஒரு பிழையைத் திருத்த வேண்டும். 'கிட் ஸ்டாஷ்' என்று அடித்தால், கிட் கண்காணிக்கும் கோப்புகளில் உள்ள மாற்றங்களை எடுத்து ஓரிடத்தில் வைத்துவிட்டு, பணி அடைவை (நாம் கோப்புகளைத் திருத்தும் கோப்புறையை) கடைசிக் கமிட்டின் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. எடுத்து வைப்பது பாதி, இடத்தைத் துப்புரவாக்குவது மீதி. வைத்தவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். கடைசியாக வைத்தது 0, அதற்கு முந்தியது 1. 'பாப்' கொடுத்தால் மேலே இருப்பது பணி அடைவுக்கு வந்து அடுக்கிலிருந்து நீங்கும். 'அப்ளை' கொடுத்தால் வரும், அடுக்கிலும் தங்கும். 'டிராப்' அதை எறிந்துவிடும்.

'சேமி' கூடாது. எடிட்டரில் கோப்பைச் சேமிப்பதற்கு அந்தச் சொல் என்றோ போய்விட்டது. சேமித்தபின் திரையில் இருந்தது மறையும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. 'சேவ்டு வொர்க்கிங் டைரக்டரி' என்று கிட்டே செய்தி காட்டுவதால் வந்த குழப்பம் இது. 2017இல் வந்த 2.13 பதிப்பில் 'ஸ்டாஷ் புஷ்' அறிமுகமானது. பழைய 'ஸ்டாஷ் சேவ்' வழக்கொழிந்தது என்று இப்போது கையேடே சொல்கிறது. 'ஒதுக்கீடு' நினைவக ஒதுக்கீட்டோடு மோதும். 'பதுக்கு' ஏற்கெனவே பதுக்கு நினைவகத்துக்கு (கேஷ்) போய்விட்டது. தவிர, பதுக்கல் என்றாலே குடோனில் மறைத்த அரிசி மூட்டைதான் நினைவுக்கு வரும். இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை.

என் முன்மொழிவு 'ஒதுக்கிவை'. சொல்லிவை, எடுத்துவை என்பவற்றில் வரும் 'வை' பின்னால் உதவும் என்ற பொருளைத் தருகிறது. வெறும் 'ஒதுக்கு' தராத பொருள் அது.

* * *

> என் முன்மொழிவு 'ஒதுக்கிவை'.

துணைவினை பற்றிச் சொன்னது மிகச் சரி. ஆனால் 'ஒதுக்கிவைத்தல்' என்பது ஊர்க்கட்டுப்பாடு போட்டு ஒரு குடும்பத்தைத் தள்ளிவைப்பதைக் குறிக்கும் சொல். செய்தித்தாளில் இன்றும் அந்தப் பொருளில் வருகிறது. அந்த வடுவுள்ள சொல் ஒரு கருவியின் பொத்தானில் இருக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

'ஓரங்கட்டு' எப்படி? வண்டியை ஓரங்கட்டுவது தற்காலிகம்தான். சாலைக்கு இடம் விட்டுவிட்டு, பிறகு எடுத்துக்கொண்டு போகலாம். நீங்கள் சொன்ன இரண்டு செயலும் அதில் வந்துவிடுகின்றன.

* * *

ஓரங்கட்டு வினையாக அழகு. பெயர்ச்சொல்லாக்கிப் பாருங்கள், நொண்டுகிறது. 'இரண்டாம் ஓரங்கட்டல்', 'ஓரங்கட்டல்களின் பட்டியல்' என்றெல்லாம் எழுத வேண்டியிருக்கும். கிட்டின் செய்திகளில் ஸ்டாஷ் பாதிக்குமேல் பெயராகத்தான் வருகிறது. கட்சியில் ஒருவரை ஓரங்கட்டுவதும் இதே சொல்தான்.

'பரண்' எடுத்துக்கொள்ளலாம். இப்போது வேண்டாத, ஆனால் பிறகு வேண்டிய பொருளை வீட்டில் எங்கே வைக்கிறோம்? பரணேற்று, பரணிறக்கு, பரண் பட்டியல். வினையும் பெயரும் ஒரே வேரிலிருந்து கிடைக்கின்றன.

* * *

அன்பின் நண்பர்களுக்கு,

ஈழத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் பரண் என்றதும் வயலிலும் சேனையிலும் (காட்டை வெட்டிப் பயிரிடும் நிலம்) பன்றியும் யானையும் வராமல் காக்க உயரத்தில் கட்டும் காவற்பரண்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும். சங்கப் பாட்டில் தினைப்புனம் காப்பவர்களுக்கும் அப்படியொரு உயர்ந்த மேடை உண்டு. ஆள் ஏறி இருக்கும் இடம் என்று புரிந்துகொண்டால் ஸ்டாஷுக்குப் பொருந்தாது. எதிர்ப்பாகச் சொல்லவில்லை, இரு கரையிலும் ஒரே பொருளில் படிக்கப்பட வேண்டும் என்ற அக்கறைதான்.

* * *

அந்த ஐயத்தைச் சொல்லின் இலக்கணமே தீர்த்துவைக்கிறது. பரணில் *ஏறுபவர்* காவல்காரர். பரணில் *ஏற்றுவது* பொருள். ஏறு/ஏற்று, இறங்கு/இறக்கு என்று தன்வினையும் பிறவினையும் தமிழில் ஓர் எழுத்தில் பிரிந்துவிடுகின்றன. எப்போதும் பிறவினையாகவே எழுதினால் காவற்பரண் குறுக்கே வராது. (தமிழகத்திலும் 'பரண்மேல் ஆடு வளர்ப்பு' உண்டு, உயர்த்திய தளம் என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது.)

ஓரங்கட்டா பரணா என்பதைச் செவிக்கு இனிமையை வைத்து முடிவு செய்யக் கூடாது. கிட்டின் நடத்தையை வைத்து முடிவு செய்வோம். 2015இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து 'வொர்க்ட்ரீ' இருக்கிறது. ஒரே களஞ்சியத்துக்குப் பல பணி அடைவுகள் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றிலும் ஒரு கிளை. ஆனால் ஸ்டாஷ் அடுக்கு அத்தனைக்கும் பொதுவான ஒன்றுதான். ஓர் அடைவில் வைத்ததை வேறோர் அடைவில், வேறு கிளையில் எடுக்கலாம். இதை அறியாமல் இரண்டு அடைவுகளில் வேலை செய்பவர், எண் கொடுக்காமல் 'பாப்' அடித்தால் மற்ற அடைவின் மாற்றங்கள் வந்து விழும். ஓரங்கட்டிய வண்டி அதே சாலையில்தான் நிற்கும். பரணோ வீட்டுக்கு ஒன்று, அறைகள் எத்தனை இருந்தாலும். படிப்பவருக்குச் சொல்லே எச்சரிக்கை தருகிறது. நான் பரணுக்கு ஆதரவு தருவது இதனால்தான்.

இன்னொன்றும் பொருந்துகிறது. பரண் வீட்டோடு நிற்பது. களஞ்சியத்தை இன்னொரு கணினியில் குளோன் செய்தால் (முழுதாக நகலெடுத்தால்) பரணில் உள்ளவை கூட வரமாட்டா. சேவையகத்துக்குப் புஷ் செய்தாலும் (கமிட்டுகளை அனுப்பினாலும்) போகமாட்டா. மடிக்கணினியின் வட்டு பழுதானால் அதோடு அவையும் போயின. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது வேலையைப் பரணில் விட்டுவிட்டு, அது காப்புநகலில் இருக்கிறது என்று நினைப்பது பெரிய தவறு. தற்காலிகக் கிளையில் ஒரு கமிட் போட்டுப் புஷ் செய்வதே சரி. 2025இல் வந்த 2.51 பதிப்பில் ஸ்டாஷை ஏற்றுமதி, இறக்குமதி செய்யும் துணைக்கட்டளைகள் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் அது நாமாகச் செய்தால்தான் நடக்கும்.

* * *

> பரணேற்று, பரணிறக்கு

'இறக்கு' என்று மட்டும் எழுதினால் பதிவிறக்கம் என்று படிப்பார்கள். ஆகவே 'பரணிறக்கு' என்று முழுமையாகவே எழுதுவோம். மேலே சொன்ன 'இம்போர்ட்' துணைக்கட்டளைக்கு 'இறக்குமதி' போட்டால் இரண்டும் மோதும். அங்கே 'கொணர்' போதும்.

'அப்ளை' என்ன ஆயிற்று? அதை யாரும் தொடவில்லை.

* * *

'நகலிறக்கு'. பொருள் மேலேயே இருக்க, அதன் நகல் மட்டும் கீழே வருகிறது. 'பாப்'புக்கும் 'அப்ளை'க்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலச் சொற்கள் காட்டுவதில்லை. புதியவர்கள் தடுக்குவது அங்கேதான். பரணிறக்கு, நகலிறக்கு என்றால் விளக்கமே வேண்டாம்.

கையேட்டில் இந்தச் சொற்களை எழுதும் இடத்திலேயே கீழ்க்கண்டவற்றையும் எழுதிவிட வேண்டும். சொல் சரியாக இருந்தும் மக்கள் வேலையை இழப்பது இவற்றால்தான்.

புதிதாக உருவாக்கி இன்னும் 'ஆட்' செய்யாத (கிட்டின் கண்காணிப்பில் சேர்க்காத) கோப்புகளைப் பரணேற்றம் தொடாது. அவை பணி அடைவிலேயே கிடக்கும். கிளை மாறினால் அங்கேயும் கூடவே வரும். அவற்றையும் ஏற்ற 'இன்க்ளூட் அன்ட்ராக்டு' என்ற தெரிவு வேண்டும், சுருக்கம் 'யூ'. 'ஆல்' கொடுத்தால் கிட்இக்னோர் பட்டியலில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவை) உள்ளவையும் ஏறிவிடும். அதாவது சார்பு நிரல்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் அடைவு, உருவாக்கக் கோப்புகள், கடவுச்சொல் வைத்த என்வ் கோப்பு எல்லாம் பணி அடைவிலிருந்து மறையும், அடுத்த நிமிடம் செயலி ஓடாது. பெரும்பாலும் 'யூ' போதும்.

குறிப்பு எழுதாமல் ஏற்றக் கூடாது. எழுதாவிட்டால் கிளையின் பெயரும் கடைசிக் கமிட்டின் அடையாள எண்ணும் தலைப்பும் மட்டுமே பட்டியலில் வரும். ஒரே கிளையிலிருந்து நான்கு ஏற்றினால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். 'எம்' தெரிவோடு ஒரு வரி எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்டேஜ் செய்தவை (அடுத்த கமிட்டுக்கு எனத் தேர்ந்தவை), செய்யாதவை என்று கவனமாகப் பிரித்து வைத்திருந்தால், இறக்கும்போது 'இன்டெக்ஸ்' தெரிவு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திருத்திய கோப்புகள் எல்லாம் ஸ்டேஜ் செய்யாத நிலையில் வந்து சேரும். மாற்றம் தொலையாது, பிரித்து வைத்த உழைப்புதான் வீண். ஸ்டேஜ் செய்தவற்றை மட்டும் ஏற்றுவதற்கு 2022இல் வந்த 2.35 பதிப்பு முதல் 'ஸ்டேஜ்டு' தெரிவு உண்டு.

பரணில் இருப்பது தானாகக் காலாவதி ஆவதில்லை. பல மாதம் கழித்து இறக்கினால் அடியில் உள்ள நிரல் மாறியிருக்கும், இரண்டும் ஒரே இடத்தைத் தொட்டிருந்தால் முரண்பாடு வரும். அப்போது நேராக இறக்காமல் 'ஸ்டாஷ் பிராஞ்ச்' கொடுத்து ஒரு கிளைப்பெயர் தந்தால், ஏற்றிய நாளில் இருந்த கமிட்டிலேயே புதுக்கிளை திறந்து அங்கே இறக்கிவிடும். முரண்பாடே இருக்காது.

* * *

நான் ஓரங்கட்டை விட்டுக்கொடுக்கிறேன். பொது அடுக்கு என்ற வாதம் என்னை ஒப்பவைத்துவிட்டது. ஒரே ஒரு கவலை: 'பரணில்' என்பதை அவசரத்தில் 'பரணி' என்று படிக்க வாய்ப்பு உண்டு. நட்சத்திரப் பெயர் என்பதால் கண் அங்கே போகும். கூடியவரை 'பரண் பட்டியல்', 'பரண் உருப்படி' என்று வேற்றுமை உருபு இல்லாமல் எழுதுவோமா?

* * *

உருபு சேராமல் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செய்திகளில் உருப்படியின் பெயர் வருமிடத்தில் ஒரு மாறி நிற்கும். அதன் மதிப்பு எந்த எழுத்தில் முடியும் என்று தெரியாது. ஐ, ஆல், கு எதையும் அதில் ஒட்ட முடியாது. '… என்ற பரண் உருப்படி இல்லை' என்ற அமைப்பில் எல்லாச் செய்திகளையும் எழுதிவிடலாம்.

கட்டளைகளின் பெயர்களை மாற்றப்போவதில்லை. தட்டச்சுவது 'கிட் ஸ்டாஷ்'தான். செய்திகளிலும் பட்டிகளிலும் கையேட்டிலும் இப்படி இருக்கட்டும்: ஸ்டாஷ் — பரண் (பெயர்), பரணேற்று (வினை). பாப் — பரணிறக்கு. அப்ளை — நகலிறக்கு. டிராப் — எறி. கிளியர் — பரணை ஒழி. ரீபேஸின்போது (கமிட்டுகளை வேறோர் அடித்தளத்துக்கு மாற்றும்போது) இந்தத் தெரிவு இருந்தால் கிட் தானாகவே எடுத்து வைக்கும் 'ஆட்டோஸ்டாஷ்' — தன்பரணேற்றம்.

இறக்கும்போது முரண்பாடு வந்தால் கிட் அந்த உருப்படியை நீக்காமல் விட்டுவைக்கும். அதற்கான செய்தி: 'மறுபடி தேவைப்படலாம் என்பதால் பரண் உருப்படி அப்படியே வைக்கப்பட்டுள்ளது.' முரண்பாட்டைத் தீர்த்தபின் நாமே எறிய வேண்டும். பலர் இதை விட்டுவிடுவதால்தான் பட்டியல் நீள்கிறது.

* * *

'எறி' என்ற சொல்லுக்குக் கீழே மீட்கும் வழியையும் சேர்த்துவிடுங்கள். பரண் உருப்படி உள்ளே ஒரு கமிட்தான். ஏற்றும்போது இருந்த தலைக் கமிட் (கிளையின் கடைசிக் கமிட்) அதற்கு ஒரு பெற்றோர், அதாவது முந்தைய கமிட்; ஸ்டேஜ் நிலை இன்னொன்று. 'யூ' கொடுத்திருந்தால் மூன்றாவதும் உண்டு. எறியும்போது திரையில் காட்டும் நீண்ட அடையாள எண்ணை வைத்துக்கொண்டு 'ஸ்டாஷ் அப்ளை' கொடுத்தால் நகல் இறங்கிவிடும். முனையத்தை மூடிவிட்டால், களஞ்சியத்தைச் சோதிக்கும் 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளையை 'அன்ரீச்சபிள்' (எங்கிருந்தும் எட்ட முடியாதவை) தெரிவோடு ஓட்டி, வரும் கமிட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பெற்றோர் உள்ளவற்றை மட்டும் பார்த்தால் தேடல் விரைவில் முடியும். குறிப்பு எழுதாமல் ஏற்றியவற்றின் தலைப்பு 'டபிள்யூஐபி' (நடந்துகொண்டிருக்கும் வேலை) என்று தொடங்கும். குறிப்பு எழுதியவற்றில் அது இருக்காது, அந்தச் சொல்லை வைத்துத் தேடி ஏமாற வேண்டாம். இப்படி அநாதையாக நிற்பவற்றைக் குப்பை அகற்றும்போது கிட் நீக்கிவிடும். இயல்பிருப்பாக இரண்டு வாரத்துக்கு மேற்பட்டவைதான் போகும். ஆகவே தவறு தெரிந்த அன்றே தேடிவிட வேண்டும், அதுவரை குப்பை அகற்றும் 'கிட் ஜிசி' கட்டளையை ஓட்டக் கூடாது.