ஆராய்ச்சிக்கெண்டு அப்பாட்ட ரத்தம் எடுத்தவை, துண்டில 124 எண்டு கிடக்கு. பயப்பிடோணுமா?

ஒட்டுசுட்டான் மகள்

எல்லாருக்கும் வணக்கம், உங்க ஆரும் லாப், மருத்துவப் பக்கம் வேலை செய்யிற ஆக்கள் இருந்தா கொஞ்சம் சொல்லுங்கோ. போன காலபோகம் வெட்டு நடக்கேக்க எங்கட ஊர் பொதுநோக்கு மண்டபத்துக்கு ஒரு ஆராய்ச்சிக் குழு வானில வந்தது, கிட்னி வருத்தம் பற்றிப் பாக்கினமாம், விதானையார் சொல்லிவிட்டபடியா அப்பாவும் வயலுக்கால நேர அங்க போனவர், ரெண்டு ரியூப் ரத்தம், சலம், நகம் கூட வெட்டி ஒரு சின்னப் பையில போட்டு எடுத்தவை. மூண்டு பக்கத்தில ஒரு போமில கையெழுத்து வாங்கினவை, ஒரு பிஸ்கட் பைக்கட்டும் துவாயும் குடுத்து அனுப்பினவை, அவ்வளவுதான். பிறகு ரெண்டு மாசமா ஒரு கதையும் இல்லை. போன கிழமை ஆரோ ஒராள் எல்லாற்ற துண்டையும் கட்டாக் கொண்டந்து கடையில குடுத்திட்டுப் போட்டார், அதில அப்பான்ர பேருக்கு நேர சீரம் கிரியற்றினின் (கிட்னி கழிச்சு விடவேண்டிய ஒரு கழிவாம், ரத்தத்தில பாக்கிறது) 124 எண்டு மட்டும் கிடக்கு.

பிரச்சினை என்னெண்டா பக்கத்து வளவு அண்ணைக்கு கிரியற்றினின் 6 எண்டு வந்துதான் இப்ப கிழமைக்கு ரெண்டுதரம் ரத்தம் கழுவப் போறவர். 6க்கே அப்பிடியெண்டா 124க்கு என்ன கதை எண்டு அம்மா அழத் தொடங்கி வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வச்சிட்டா. அப்பாக்கு 54 வயசு, சீனி இல்லை, பிரசர் இல்லை, சலத்தில நுரை வீக்கம் ஒண்டும் இல்லை, நாரி உளைவுக்கு மட்டும் பாமசியில குளிசை வாங்கிப் போடுறவர். துண்டில இருந்த நம்பருக்கு எடுத்துப் பாத்தன், பாவனையில இல்லையாம். என்ன செய்யிறது?

வெள்ளைக்கோட்டு

தங்கச்சி முதல்ல அம்மாவை அழவேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் எம்எல்ரி (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்), வருசக்கணக்கா லாப்பிலதான் நிக்கிறன், உந்தக் குழப்பம் மாசத்துக்கு ரெண்டுதரம் வரும். பக்கத்து வளவு அண்ணைக்கு வந்த 6 வேற அளவு, உங்கட அப்பாக்கு வந்த 124 வேற அளவு. ஒண்டு மில்லிகிராம் கணக்கு, மற்றது மைக்ரோமோல் கணக்கு. 124ஐ 88.4ஆல பிரிச்சுப் பாருங்கோ, 1.4 வரும். அதுதான் அப்பான்ர கிரியற்றினின், 1.4. நெல்லை ஒராள் புசலில சொல்லி மற்றாள் கிலோவில சொன்னமாதிரி. துண்டில அலகு எழுதாமல் விட்டதுதான் பெரிய பிழை, எங்கட லாப்பில அப்பிடி ஒரு ரிப்போட் வெளிய போனா அண்டைக்கு எனக்கு நல்ல ஏச்சு விழும்.

ஆனா 1.4 எண்டா ஒண்டும் இல்லையெண்டு விடவும் ஏலாது. 54 வயசு ஆம்பிளைக்கு 1.4ஐ இப்ப பாவிக்கிற 2021ம் ஆண்டுச் சூத்திரத்தில போட்டா சிறுநீரகம் வடிகட்டிற அளவு நிமிசத்துக்கு கிட்டத்தட்ட 60 மில்லிலீற்றர் வருது. 60க்கு கீழ போய் அது 3 மாசத்துக்கு மேல அப்பிடியே நிண்டா நாள்பட்ட சிறுநீரக நோய் எண்டு சொல்லுறது. அப்பா சரியா வரம்பில நிக்கிறார். வரம்பில நிக்கிற ஆளை ஒருதரம் பாத்திட்டு உள்ளுக்கயோ வெளியிலயோ எண்டு சொல்லேலாது.

இன்னொரு விசயம், எங்கட நாட்டு லாப் கனக்க இடத்தில கிரியற்றினின் பாக்கிறது யாஃபே முறையில, 1886ல ஜேர்மன்காரர் ஒராள் கண்டுபிடிச்சது, இண்டைக்கும் அதுதான் ஓடுது, ஏனெண்டா மலிவு. காரத்தில பிக்கிரிக் அசிட்டை விட்டா கிரியற்றினினோட சேர்ந்து செம்மஞ்சள் நிறம் வரும், நிறம் எவ்வளவு கூடவோ அவ்வளவு கிரியற்றினின். வில்லங்கம் என்னெண்டா ரத்தத்தில இருக்கிற புரதம், சீனி, சில அன்ரிபயோற்றிக் எல்லாம் அதே நிறத்தைக் கொஞ்சம் காட்டும், அப்ப அளவு உள்ளதை விட 0.2 போல கூடக் காட்டலாம். 0.2 தானே எண்டு நினைப்பியள், அப்பான்ர உண்மையான அளவு 1.2 எண்டா அதே சூத்திரத்தில 60 போய் 72 ஆகுது. வருத்தக்காரன், சுகதேகி எண்டுறது உந்த 0.2க்குள்ள. நொதிய முறை எண்டு ஒண்டு இருக்கு, அது திறம், ஆனா காசு கூட.

அதோட வெட்டு நேரம், வயலுக்கால நேர போனவர் எண்டுறியள். தண்ணி குடிக்காமல் வெயிலில நிண்டிட்டு ரத்தம் குடுத்தா கிரியற்றினின் ஏறித்தான் இருக்கும். முதல் நாள் இரவு இறைச்சிக்கறி சாப்பிட்டிருந்தாலும் ஏறும்.

செய்யவேண்டியது இதுதான், ஆஸ்பத்திரி ஓபிடியில துண்டைக் காட்டி திரும்ப கிரியற்றினின் எழுதித்தரச் சொல்லுங்கோ, முதல் நாள் வடிவாத் தண்ணி குடிச்சிட்டு வயலுக்குப் போகாமல் காலமை போகச் சொல்லுங்கோ. சலத்தில புரதம் வடியுதோ எண்டு பாக்க அல்புமின் கிரியற்றினின் விகிதமும் கேளுங்கோ. அந்த நாரிக்குளிசை என்னண்டு பாருங்கோ, டைக்ளோபினாக், ஐபுபுரோபன் மாதிரி எண்டா இண்டைக்கே நிப்பாட்டுங்கோ, அந்த வகை சிறுநீரகத்துக்கு ரத்தம் போறதைக் குறைக்கும். வயலில வேர்த்து வறண்டு போய் வந்து அதைப் போடுறது இரட்டை அடி.

வாய்க்கால் கரை

உந்தச் சூத்திரமெல்லாம் இருக்கட்டும், எங்கட பக்கத்துக் கிட்னி வருத்தத்துக்குக் காரணம் தண்ணியும் வயலுக்கு அடிக்கிற மருந்தும்தான் எண்டு பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எங்கட வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கோ, உள்ளுக்க வெள்ளைப்படை ஒரு விரல் தடிப்புக்கு கிடக்கு, அதைத்தானே முப்பது வருசமாக் குடிக்கிறம். களைகொல்லி கிளைபோசேற்றை 2015ல தடை எண்டினம், 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் விட்டினம், பிறகு முழுசா விட்டினம். இடைக்கிடை ஒரு வான் வரும், ஐஸ்பெட்டி வரும், ஊசி குத்தும், போகும். என்ர கையில மட்டும் நாலுதரம் எடுத்திட்டினம், ஒருதரமும் துண்டு வரேல்லை, தங்கச்சிக்கு அதாவது வந்திருக்கு. மாட்டுக்கு குறி சுடுறவன் கூட மாட்டுக்காரனிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத்தான் சுடுவான்.

பிப்பெற் பிடிச்சவன்

அண்ணை உங்கட கோவம் நியாயம், நான் அந்த ஐஸ்பெட்டி தூக்கின பக்கத்தில இருந்து சொல்லுறன், ஒரு உயிர்இரசாயன ஆராய்ச்சியில ரெண்டு வருசம் உதவியாளரா இருந்தனான் (இப்ப பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன், அது வேற கதை).

கேத்தில் படையைப் பற்றி முதல் ஒண்டு. அந்த வெள்ளை கல்சியம், மக்னீசியம், அதுதான் தண்ணிக் கடினம், கண்ணுக்குத் தெரியிறபடியா எல்லாரும் அதைத்தான் குற்றம் சொல்லுறது. ஆராய்ச்சிக்காரர் தண்ணியில சந்தேகப்படுற புளோரைட்டு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைக் காய்ச்சிக் குறைக்கேலாது, காய்ச்சினா தண்ணிதான் ஆவியாகும், புளோரைட்டு அப்பிடியே நிண்டு இன்னும் கொஞ்சம் கூடும். கொதிச்சாறின தண்ணிதானே குடிக்கிறம் எண்டு எங்கட அம்மாவும் சொல்லுறவ, அது கிருமிக்குச் சரி, இதுக்குச் சரியில்லை. ஆர்ஓ எண்டுற சவ்வு வடி புளோரைட்டை எடுக்கும், ஆனா வடியை நேரத்துக்கு மாத்தோணும்.

காரணம் எதெண்டதில இன்னும் ஒரு முடிவில்லை. 1990களில வடமத்திய மாகாணத்தில, பதவியா மெதவச்சிப் பக்கம், சீனியும் பிரசரும் இல்லாத கமக்காரருக்கு சிறுநீரகம் பழுதாகிறதைக் கண்டவை, அண்டைக்குத் தொடக்கம் காட்மியம், ஆர்செனிக், புளோரைட்டு, கிளைபோசேற்று, எலிக்காய்ச்சல், வெயில் எண்டு மாறி மாறி ஓடுது. எல் சல்வடோர், நிக்கரகுவாவில கரும்பு வெட்டுற ஆக்களுக்கு இதே மாதிரி வருத்தம், அங்க பெரிசாச் சந்தேகப்படுறது வெயிலும் வறட்சியும், அதாலதான் அங்க தண்ணி, ஓய்வு, நிழல் எண்டு ஒழுங்கு செய்யப் பாத்தவை. ஆந்திராவில உத்தானம் எண்ட இடத்திலயும் இருக்கு, அங்க தென்னையும் முந்திரியும். மூண்டு இடத்துக்கும் ஒரே காரணமோ வேற வேறயோ எண்டே அடிபடுகினம்.

ஏன் இவ்வளவு காலம் எண்டு கேட்டா, கிரியற்றினின் பிந்திச் சொல்லுற சாட்சி. சிறுநீரகத்தின்ர வேலை அரைவாசி போகுமட்டும் அது பெரிசா அசையாது. அது ஏறேக்க நாங்கள் தேடுறது இருபது வருசத்துக்கு முந்தி குடிச்ச தண்ணியை, அதுக்குள்ள சனம் எத்தினை தரம் இடம்பெயர்ந்து எத்தினை கிணத்தில குடிச்சது? வன்னியில அந்தக் கேள்வியைப் போமில ஒரு கோட்டில எழுதச் சொல்லுவினம், நான் பின்பக்கமும் எழுதி நிரப்பின போம் இருக்கு, ஒரு அம்மா சொல்லச் சொல்ல பதினொரு இடம் எழுதினனான். அதைக் கணினியில ஏத்தேக்க "மற்றவை" எண்டு ஒரு பெட்டிதான் இருந்தது.

வெள்ளைக்கோட்டு அண்ணைக்கு ஒண்டு, இந்த வருத்தத்தில முதல் அடிபடுறது வடிகட்டி இல்லை, அதுக்குக் கீழ இருக்கிற சின்னக் குழாய்கள், அதால சலத்தில அல்புமின் தொடக்கத்தில கனக்க வராது. சலம் சரியெண்டு வந்தாலும் கிரியற்றினினை விடக்கூடாது. அல்பா 1, பீற்றா 2 மைக்ரோகுளோபுலின், கிம் 1 எண்டு குழாய் பழுதானா சலத்தில வாற புரதங்களை ஆராய்ச்சியில பாக்கிறது அதுக்குத்தான், ஆனா அது ஓபிடியில கேட்டாக் கிடைக்காது.

துண்டு ஏன் வாறேல்லை எண்டா, உண்மையைச் சொல்லுறன், ரியூப்புக்கு காசு இருக்கும், சோதிக்கிற ரிஏஜென்ருக்கு (இரசாயனத்துக்கு) காசு இருக்கும், மைனஸ் 80 பிறீசருக்கும் கரண்ட் போனா ஜெனறேற்றருக்கும் காசு இருக்கும், திரும்ப ஊருக்குப் போய் ஒவ்வொருத்தரோடயும் இருந்து கதைக்கிறதுக்கு ஒரு கோடு பட்ஜெற்றில இராது. திட்டம் முடிய போனும் சிம்மும் ஒப்படைக்கோணும், அதுதான் உங்கட நம்பர் பாவனையில இல்லாதது. இதை நியாயமெண்டு சொல்லேல்லை. மனிசரில செய்யிற மருத்துவ ஆராய்ச்சிக்கான ஒழுக்க விதி, ஹெல்சிங்கிப் பிரகடனத்திலயே இருக்கு, பங்குபற்றின ஆக்களுக்கு ஆராய்ச்சியின்ர முடிவை அறியிற வாய்ப்புக் குடுக்கோணும் எண்டு. கையெழுத்து வைச்ச போமின்ர ஒரு பிரதி உங்களிட்ட இருக்கோணும், அதில கடைசிப் பக்கத்தில ஒழுக்கவியல் குழு எண்டு இன்னொரு நம்பர் இருக்கும், அது திட்டத்தோட முடியாது. அதுக்கு அடியுங்கோ.

மாமரத்தடி

வாய்க்கால் கரைத் தம்பிக்கு ஒண்டு சொல்லவேணும். 2009ல நாங்கள் மெனிக்பாம் அகதி முகாமில, தறப்பாள் கூடாரம், என்ர பேத்திக்கு ரெண்டு வயசு, வயித்தாலடி, கண் உள்ளுக்க போட்டுது. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை ஒண்டு ஜீவனி பைக்கட் (வயித்தாலடிக்குக் குடுக்கிற உப்புச் சீனித் தூள்) தந்து கரைச்சு கரண்டி கரண்டியாப் பருக்கச் சொன்னது. ஒரு இரவு முழுக்க இருந்து பருக்கினனான், விடியத்தான் சலம் போனவள். இப்ப அவள் ஏஎல் எடுத்திட்டாள்.

அந்தப் பைக்கட் என்னண்டு வந்ததெண்டு பிறகுதான் வாசிச்சன். குடல் சீனியையும் உப்பையும் சேர்த்துத்தான் உள்ளுக்க எடுக்கும் எண்டு 1960ல கிறேன் எண்ட விஞ்ஞானி சொன்னவர், தண்ணி அதுக்குப் பின்னால போகும். 1968ல டாக்காவில வாந்திபேதிக்காரருக்கு குடுத்துப் பாத்து எழுதினவை. 1971ல வங்காள அகதிகள் இந்தியாவில பொங்காவ் முகாமுக்கு வந்து குவிய, சேலைன் முடிய, திலீப் மகாலநபிஸ் எண்ட டொக்டர் அதையே பீப்பாயில கரைச்சு தாய்மாரைக் கொண்டு பருக்க வச்சவர். 30 வீதம் செத்த இடத்தில 4 வீதத்துக்கும் கீழ வந்தது. எங்களைப்போல வெள்ளத்துக்கயும் முகாமுக்கயும் கிடந்த சனம் குடுத்த ரத்தத்திலயும் மலத்திலயும்தான் அந்தப் பைக்கட் வந்தது. அதுக்காக துண்டு தராமல் விடலாமெண்டு நான் சொல்லேல்லை, தம்பி கேக்கிறது சரி. அடுத்தமுறை வான் வந்தா நான் கையை நீட்டுவன், ஆனா போமை வாசிச்சுக் காட்டச் சொல்லிப்போட்டுத்தான்.

வாய்க்கால் கரை

ஐயா சொன்னா ஒண்டும் கதைக்கேலாது. நாலுதரம் குத்தினது குத்தினதுதான்.

ஒட்டுசுட்டான் மகள்

எல்லாருக்கும் நன்றி. போன செவ்வாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான், திரும்ப எடுத்ததில 1.3, இந்தமுறை அலகு எழுதியிருந்தது, முதல் பாத்ததே அதைத்தான். சூத்திரத்தில 65 வருது எண்டு டொக்டர் சொன்னவ, சலத்தில அல்புமின் இல்லை, 3 மாசத்தில திரும்ப வரச்சொல்லி கொப்பியில திகதி போட்டுத் தந்தவ. நாரிக்குளிசை டைக்ளோபினாக் தான், பைக்கட்டை எடுத்துக் காட்டின உடன டொக்டர் தானே வாங்கி வச்சிட்டா.

போம் பிரதி கிடைச்சுது, அப்பா உர மானியத் துண்டுகளோட சேர்த்து மடிச்சு வச்சிருக்கிறார். கடைசிப் பக்கத்தில நம்பர் இருக்கு, ஆனா அந்தப் பக்கம் மட்டும் இங்கிலிசில கிடக்கு. நாளைக்கு அடிக்கிறன், ஊரில மற்ற ஆக்களின்ர துண்டையும் கேட்டு வாங்கி எல்லாத்திலயும் 88.4ஆல பிரிச்சு பக்கத்தில எழுதிக் குடுத்துக்கொண்டிருக்கிறன், பாதிப்பேர் என்னை டொக்டர் எண்டு கூப்பிடுகினம். ரெண்டு பேருக்கு 200க்கு மேல இருக்கு, அவையை இந்தக் கிழமைக்குள்ள கூட்டிக்கொண்டு போகோணும்.

அம்மா நேர்த்தி வச்சது வச்சதுதானாம், வைகாசிப் பொங்கலுக்குப் போறம். இப்ப அப்பா தண்ணிப் போத்தலை மறந்து வச்சிட்டு வயலுக்குப் போட்டார், குடுத்திட்டு வாறன்.