இலங்கையில் சீனா கால் ஊன்றுவதை நம் எம்.பி.க்கள் கேள்வி கேட்கிறார்களா?

பாம்பன்_நாட்டுப்படகு:
அரிச்சல்முனையில் நின்று வீட்டுக்குப் போன் போட்டால் டவர் இலங்கைக்கு மாறிவிடுகிறது, அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது அந்த நாடு. 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பெனி எடுத்தது, 2022 ஆகஸ்டில் செயற்கைக்கோள், ஏவுகணைகளைக் கண்காணிக்கும் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அங்கே வந்து நின்றது. அந்த வாரம் நாங்கள் கடலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் படகு அட்டையையும் ஆதாரையும் காட்டச் சொன்னார்கள். சரி, காட்டினோம். இதையெல்லாம் டெல்லியில் யாராவது உட்கார வைத்துக் கேட்கிறார்களா, இல்லை அமைச்சகம் செய்வதுதான் முடிவா?

கீழக்கரை_வக்கீல்:
கேட்க இடம் இருக்கிறது. வெளியுறவுத் துறைக்கு நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று உண்டு, மக்களவையில் 21 பேர், மாநிலங்களவையில் 10 பேர். செயலாளரையே கூப்பிட்டு விசாரிக்கலாம். அண்டை நாடுகளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையைப் பற்றி 2023 ஜூலையில் தனி அறிக்கையே வைத்தார்கள். ஆனால் கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும், பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று 3 மாதத்துக்குள் அரசு பதில் கொடுத்தால் போதும். இதைவிடப் பெரிய ஓட்டை, வேறு நாட்டோடு ஒப்பந்தம் போட நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்பது. கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூனில் கையெழுத்தானது, அவையில் வைத்தது ஜூலையில். நம் கரைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மண்டபம்_முகாம்:
என் அம்மாவின் ஊர் இலங்கையில், யாழ்ப்பாணப் பக்கம் இருக்கும் நெடுந்தீவு. அதனால் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டம், 2021 ஜனவரியில் சீனக் கம்பெனிக்குப் போனது. இந்தியா எதிர்த்தது, அந்த வருட முடிவில் அவர்கள் விலகினார்கள். 2022 மார்ச்சில் இந்தியா மானியம் தருவதாகக் கையெழுத்துப் போட்டது, வேலையை ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்க 2024 மார்ச் ஆகிவிட்டது. பாதுகாப்புக் காரணம் எனக்கும் புரிகிறது, நெடுந்தீவு எங்கே இருக்கிறது என்று இங்கே யாருக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று வருடமும் சனம் ஜெனரேட்டர் கரண்ட்டை நம்பித்தான் இருந்தது. சீனாவைத் தள்ளி வைத்தோமா என்று மட்டும் கேட்டால் போதாது, அந்த இடத்தில் நாம் போட்டது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் எம்.பி.க்கள் கேட்க வேண்டும், அதுதான் எனக்குக் கண்காணிப்பு. அப்புறம், 2025 ஏப்ரல் 5-ல் கொழும்பில் இந்தியா-இலங்கை பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி மறுநாள் பிரதமர் இங்கே வந்து புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்தார். அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இலங்கை எதிர்க்கட்சிகள் கேட்டன. அவர்கள் கேட்டது நியாயம். சீனக் கப்பலைப் பற்றி நாம் கேட்கிறோம் என்றால், நம் ஒப்பந்தத்தைப் பற்றி அவர்களும் கேட்கத்தான் செய்வார்கள்.

பாம்பன்_நாட்டுப்படகு:
இந்த மூன்று தீவுக் கதை முழுசாக எனக்குத் தெரியாது. சங்கத்திலிருந்து எம்.பி.யிடம் போனால் என்ன கேட்கச் சொல்வது?

கீழக்கரை_வக்கீல்:
குறுக்கிக் கேளுங்கள். ‘சீன ஆதிக்கம் பற்றி அரசு அறியுமா’ என்று போட்டால், நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் எல்லா நிகழ்வுகளையும் அரசு தொடர்ந்து கவனித்து வருகிறது என்ற அதே வரி வரும், பல வருடமாக அதுதான் வருகிறது. ‘மூன்று தீவு மின்திட்டத்துக்கு இதுவரை எவ்வளவு பணம் விடுவிக்கப்பட்டது, எந்தத் தீவில் எத்தனை சதவீதம் வேலை முடிந்தது’ என்று கேட்டால் எண் கொடுத்தே ஆக வேண்டும். மக்களவைக் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் வேண்டும், கூட்டத்தொடர் தேதி வந்தவுடன் கொடுத்துவிடுங்கள். அமைச்சர் அவையிலேயே வாயால் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வி ஒரு நாளைக்கு 20 தான், அதில் இடம் கிடைக்காவிட்டாலும் எழுத்துப் பதில் போதும், அது பதிவில் நிற்கும்.

மண்டபம்_முகாம்:
யாழ்ப்பாணம் அரியாலையில் சீனக் கூட்டுக் கம்பெனி வைத்த கடல் அட்டைப் பண்ணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மீனவர்களும் அதைப் பற்றிப் போராடினார்கள்.

பாம்பன்_நாட்டுப்படகு:
சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், நெடுந்தீவுக் கேள்வியை முதலில் எழுதி எடுத்துப் போகிறேன். எழுதியதை இங்கே போடுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.